முப்பது மணி நேரச் சேவை: வரவு யாருக்கு?

கணக்குப் பதிவியலில் முதல் வாரமே ஒரு விதி சொல்லித் தருவார்கள். ஆள்சார் கணக்கு என்றால், பெறுபவர் கணக்கில் பற்று வை, தருபவர் கணக்கில் வரவு வை. பி.காம். படிக்கும் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்துவிடுவார்கள். நானும் ஒப்பிப்பேன். ஆனால் சென்ற செமஸ்டரில் அந்த விதியை வைத்துக்கொண்டு ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒத்து வரவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் கல்லூரியில் 'சேவை வழிக் கற்றல்' என்று ஒன்று இருக்கிறது. ஒரு செமஸ்டரில் 30 மணி நேரம் ஏதாவது ஒரு ஊரில் போய்ச் சேவை செய்ய வேண்டும். பெரும்பாலும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, அல்லது மரம் நடுவது, அல்லது சுவரில் வாசகம் எழுதுவது. முடித்தால் ஒரு கிரெடிட். கிரெடிட் என்றால் வரவு. ஆக, கொடுத்தவர் நாம், வரவும் நமக்கு. விதிப்படி சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எனக்கு ஒரு கிரெடிட் கிடைத்தது. ஒரு சான்றிதழ் கிடைத்தது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எழுதிக்கொள்ள ஒரு வரி கிடைத்தது. கல்லூரிக்கு ஆண்டறிக்கையில் போட ஒரு புகைப்படம் கிடைத்தது. அப்படியானால் பெறுபவர் யார்? அந்தப் பிள்ளைகள் பெயரில் ஒரு பக்கம் திறந்து, அவர்களுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று எழுதிய பேரேடு எங்கே? நான் தேடிப் பார்த்தவரை அப்படி ஒன்று இல்லை. இரட்டைப் பதிவு முறை என்று மூன்று வருடம் படிக்கிறோம். சேவை என்று வந்தால் மட்டும் ஒற்றைப் பதிவோடு நிறுத்திக்கொள்கிறோம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சேவையே வேண்டாம், எல்லாம் ஏமாற்று என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அப்படிச் சொல்வது சுலபம், சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். நான் சொல்ல வருவது, இதைச் சரியாகச் செய்தால் உண்மையிலேயே பலன் உண்டு என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது என்பதும், அந்த ஆதாரத்தைப் பார்த்த பிறகும் நாம் இப்படிச் செய்வது நியாயம் இல்லை என்பதும்தான்.

இது புதிது இல்லை

'சர்வீஸ் லேர்னிங்' என்ற சொல்லை 1967-ல் அமெரிக்காவில் ராபர்ட் சிக்மன், வில்லியம் ராம்சே என்ற இருவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்பார்கள். அதற்கு முப்பது வருடம் முன்பே, 1937-ல், வார்தாவில் காந்தி தன்னுடைய ஆதாரக் கல்வியை முன்வைத்துவிட்டார். கையால் செய்யும் வேலையும் படிப்பும் தனித்தனி இல்லை என்பது அதன் சாரம். காந்தி நூற்றாண்டு வருடமான 1969-ல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. நாம் என்.எஸ்.எஸ். என்று சொல்வது அதைத்தான். இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம். அந்த முகாமில் சாம்பார் சாதம் சாப்பிட்டவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே பாதிப் பேராவது இருப்பீர்கள்.

நெல்லைப் பக்கத்துக்கு இன்னொரு பாரம்பரியமும் உண்டு. 1990-களில் அறிவொளி இயக்கம் வந்தபோது ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள் ஏராளம். எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் நெல்லை மாவட்ட அறிவொளியில் வேலை பார்த்தவர். அந்த அனுபவங்களை 'இருளும் ஒளியும்' என்று புத்தகமாகவே எழுதியிருக்கிறார். எங்கள் தெருவில் பஸ் போர்டு படிக்கத் தெரிந்த சில ஆச்சிமார் இருக்கிறார்கள். யார் சொல்லித் தந்தது என்று கேட்டால் "அறிவொளி" என்கிறார்கள். அதற்கு யாரும் கிரெடிட் கொடுத்ததாகத் தெரியவில்லை.

2020-ல் பல்கலைக்கழக மானியக் குழு, உயர்கல்வி நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதன் பிறகு இந்தச் சேவை, பாடத்திட்டத்துக்குள் இன்னும் அழுத்தமாக வந்துவிட்டது. வந்தது நல்லதுதான். ஆனால் பாடத்திட்டத்துக்குள் வந்த எதுவும் மதிப்பெண்ணாக மாறாமல் விடாது என்பதும் நமக்குத் தெரியும்.

எங்கள் ஊர்

நான் நாங்குநேரிக்காரி. வெளியூர்க்காரர்களுக்கு நாங்குநேரி என்றால் வானமாமலைப் பெருமாள் கோயிலும் அங்கே இருக்கிற எண்ணெய்க் கிணறும் ஞாபகம் வரும். இல்லையென்றால் கன்னியாகுமரிக்குக் காரில் போகும்போது நான்கு வழிச்சாலையில் கண்ணில் பட்டுக் கடந்துபோகும் ஒரு பெயர்ப்பலகை. தாமிரபரணி மாவட்டத்தில் இருக்கிறோம் என்று பேர்தான், ஆற்றங்கரை ஊர்களின் பச்சை எங்களுக்குக் கிடையாது. மணிமுத்தாறு கால்வாயில் தண்ணீர் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிற குளங்கள், பனை, காற்றாலை. மேற்கே களக்காட்டுப் பக்கம் போனால் வாழை.

2023 ஆகஸ்ட்டுக்குப் பிறகு எங்கள் ஊருக்கு இன்னொரு அடையாளமும் வந்துவிட்டது. அந்த மாதம் 9-ம் தேதி இரவு, பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த ஒரு தலித் மாணவரை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பள்ளிக்கூடத்தில் தனக்கு நடந்த தொந்தரவை ஆசிரியர்களிடம் சொன்னதுதான் அந்த மாணவர் செய்தது. அதன் பிறகு அரசு, ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதிப் பெயர்களை எடுப்பது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியாமல் பார்த்துக்கொள்வது என்று பல பரிந்துரைகள்.

கல்லூரியில் யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டு நான் "நாங்குநேரி" என்றால், ஒரு நொடி மௌனம் வரும். அடுத்த கேள்வி "நாங்குநேரியில எங்கன?" என்பதாக இருக்கும். எதற்குக் கேட்கிறார்கள் என்று கேட்பவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், இந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது என்பது பாடம் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

அங்கே பார்த்தது

எங்கள் குழுவில் ஆறு பேர். நாங்குநேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு கிராமம். (பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பதால்தான் என்னால் இதைச் செய்யவே முடிந்தது. போக வரக் கட்டணம் இருந்திருந்தால் வீட்டில் ஒரு வாரத்திலேயே நிறுத்தியிருப்பார்கள்.) சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊர்ச் சமுதாயக் கூடத்தில் பிள்ளைகள் வருவார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை இருபதுக்குச் சற்று மேலே.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று வாசித்தான். எங்களுக்கு ஒரே சந்தோஷம். பிறகு புத்தகத்தின் நடுவில் ஒரு சொல்லின் மேல் பென்சிலை வைத்து, "இது என்னல?" என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை. பாடம் முழுவதும் மனப்பாடம், எழுத்து தெரியாது. அவனை முட்டாள் என்று நினைத்தால் நாம்தான் முட்டாள். எழுத்தே தெரியாமல் ஏழு வகுப்பு வரை ஒருவன் சமாளித்து வந்திருக்கிறான் என்றால், அந்த மூளைக்கு எவ்வளவு வேலை!

சனி ஞாயிறுகளில் அப்பாவோடு வாழைத்தார் வெட்டும் இடத்துக்குப் போகிற பையனும் இருந்தான். ஏத்தன் தார் எத்தனை ஏறியது, ஒரு தாருக்கு எவ்வளவு கூலி, முன்பணம் போக மிச்சம் எவ்வளவு என்று வாயாலேயே கணக்குச் சொல்வான். சிலேட்டில் 43-லிருந்து 17-ஐக் கழி என்றால் கை நின்றுவிடும். "நாப்பத்தி மூணு தார் இருக்கு, பதினேழு ஏத்தியாச்சு" என்று கேட்டால் உடனே "இருவத்தாறு". கழித்தல் தெரியாதவன் இல்லை அவன். அவனுக்குத் தெரிந்த கழித்தலை அந்தப் பாடப் புத்தகம் கேட்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமைகளில் பிள்ளைகள் பாதிதான் வரும். ஏன் என்று பிறகுதான் புரிந்தது. அன்று குழுக் கடன் வசூல். அம்மாமார் கூடும்போது பெரிய பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அம்மாவின் தவணை அட்டையை நோட்டுக்குள் வைத்திருந்தாள். வீட்டில் படிக்கத் தெரிந்தது அவள் ஒருத்திதான். அவள் கேட்டாள்: "அக்கா, நீங்க கணக்குப் படிப்புதானே படிக்கீங்க? இதுல வட்டி எவ்வளவுன்னு சொல்லுங்க."

நான் பி.காம். படித்ததற்கு அந்த ஊரில் ஒருவர் வேலை வைத்தது அன்றுதான். பத்தாயிரம் ரூபாய்க்கு 12 சதவீதம் நிலை வட்டி, பன்னிரண்டு மாதத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். வருட வட்டி 1,200 ரூபாய், கேட்கக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் முழுப் பத்தாயிரத்துக்கே போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும். இதைப் பதினோரு வயதுப் பெண்ணுக்குப் புரிய வைக்கப் புளியங்கொட்டை போதும். பன்னிரண்டு கொட்டையை வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். அடுத்த வாரம் அவள் அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் அட்டையோடு வந்து நின்றார்கள்.

வணிகவியல் மாணவர்களைச் சுவருக்கு வெள்ளையடிக்க அனுப்புகிறார்கள். இயற்பியல் மாணவர்களையும் அதற்கே அனுப்புகிறார்கள். வெள்ளையடிப்பதைக் குறைவாகச் சொல்லவில்லை, அதை நம்மைவிட நன்றாகச் செய்ய ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த ஒன்றை, அது தேவைப்படுகிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதானே சேவை வழிக் கற்றல்? நிலை வட்டியை வகுப்பில் படித்துப் பரீட்சை எழுதினேன். அது என்ன செய்யும் என்று கற்றது அந்தத் தவணை அட்டையில்தான்.

எந்தப் பக்கத்தில் கூடம்?

வந்த முதல் வாரத்திலேயே ஒன்று கவனித்தோம். ஊரில் இரண்டு தெருப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வருவது ஒரு தெருப் பிள்ளைகள் மட்டும். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேட்டோம். சிரித்தார். "இங்கன வச்சா அந்தப் பக்கத்துப் பிள்ளைக வராது. அங்கன வச்சா இந்தப் பக்கத்துப் பிள்ளைக வராது. ஒனக்குத் தெரியாதாக்கும்?" என்றார். தெரியும். ஆனால் கல்லூரிப் படிவத்தில் அதற்கு இடம் இல்லை. 'பயனாளிகள் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருக்கும். 22 என்று எழுதலாம். எந்த 22 என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னபோது, "அதெல்லாம் ஊர் விஷயம்மா, நமக்கு எதுக்கு? மணி நேரத்தை முடிங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நூற்றைம்பது மாணவர்களுக்கு அவர் ஒருவர். ஆனாலும் அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. நாங்குநேரியில் ஒரு தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் நடக்கும் வகுப்பு, எவ்வளவு நல்ல வகுப்பாக இருந்தாலும், அந்தக் கோட்டை இன்னும் கொஞ்சம் அழுத்திப் போட்டுவிட்டுத்தான் வரும்.

கடைசியில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் தலைமை ஆசிரியரைப் போய்ப் பார்த்தோம். பள்ளிக்கூடம் முடிந்த பிறகு வராண்டாவைத் தந்தார். பள்ளிக்கூடம் இரண்டு தெருவுக்கும் பொது. முதல் நாள் அந்தப் பக்கத்திலிருந்து நாலு பிள்ளைகள், அடுத்த வாரம் ஒன்பது. ஆனால் உட்கார்ந்தது தனித்தனியாக. வராண்டாவின் நடுவில் இரண்டு அடி இடைவெளி, யாரும் சொல்லித் தராமலே.

அந்த இடைவெளியை நாங்கள் ஒழுக்க போதனை செய்து மூடவில்லை. செய்திருந்தால் மூடியிருக்காது. வகுப்பு வாரியாகப் பிரிப்பதை விட்டுவிட்டு, யாருக்கு எவ்வளவு வாசிக்கத் தெரியும் என்று பார்த்துப் பிரித்தோம். எழுத்து தெரிந்தவர்கள் ஒரு வட்டம், சொல் வாசிப்பவர்கள் ஒரு வட்டம், பத்தி வாசிப்பவர்கள் ஒரு வட்டம், கதை வாசிப்பவர்கள் ஒரு வட்டம். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை, பிரதம் அமைப்பு பல வருடமாகச் செய்து வருவது. அதை எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டு தெருப் பிள்ளைகளும் இருந்தார்கள். எழுத்து தெரியாமல் போவதற்குத் தெரு வித்தியாசம் கிடையாது பாருங்கள்.

இதனால் ஊர் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு பையனை அவன் வீட்டில் இரண்டாவது வாரமே நிறுத்திவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை. பதினோரு வயதுப் பையன் ஒருவன் கையில் வண்ணக் கயிறு கட்டியிருந்தான், கடைசி நாளும் அது அவன் கையில் இருந்தது. ஆனால் அந்தக் கையும் இன்னொரு பக்கத்துப் பையனின் கையும் ஒரே புத்தகத்தின் இரண்டு ஓரத்தைப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். 2023-ல் நடந்ததைச் செய்தவர்களும் பள்ளிக்கூடப் பையன்கள்தான். பதினேழு வயதில் அரிவாள் எடுக்கும் கை, பத்து வயதில் யாரோடு புத்தகம் பிடித்தது என்ற கேள்வி சின்னக் கேள்வி இல்லை.

அரைகுறைச் சேவை சும்மா இருப்பதைவிட மேலா?

"எதுவும் செய்யாமல் இருப்பதற்கு ஏதோ கொஞ்சமாவது செய்வது மேல் இல்லையா?" என்று என் தோழி கேட்டாள். எல்லாரும் கேட்கும் கேள்விதான்.

இதற்கு நேர் எதிராகப் பேசியவர் இவான் இல்லிச். 1968-ல் மெக்சிகோவில், அங்கே சேவை செய்ய வந்திருந்த அமெரிக்க மாணவர்களைப் பார்த்து, உங்கள் நல்லெண்ணம் யாருக்கும் உதவாது, சுற்றிப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்ற அர்த்தத்தில் முகத்துக்கு நேராகப் பேசினார். எனக்கு அவர் கோபம் பிடிக்கும், முடிவு பிடிக்காது. அவர் பேசியது மொழி தெரியாத நாட்டுக்கு விமானத்தில் வந்தவர்களிடம். நாம் போவது டவுன் பஸ்ஸில். அந்த ஆச்சி பேசும் பேச்சு என் ஆச்சி பேசும் பேச்சு. நமக்கு அவர் சொல்வது பாதிதான் பொருந்தும்.

தமிழ்நாட்டு ஆதாரத்துக்கு வருகிறேன். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. அந்தந்த ஊரிலேயே இருக்கும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், சாயங்காலம் ஒன்று ஒன்றரை மணி நேரம் பாடம் சொல்லித் தர வேண்டும். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது. அப்படித் திரும்பியதில் சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்கிறது அவர்கள் ஆய்வு. பிள்ளைகளில் 91 சதவீதம் பேர் அதில் கலந்துகொண்டிருக்கிறார்கள்.

இதோடு ஒப்பிட இன்னொன்று. உத்தரப்பிரதேசத்தில் ஜான்பூர் மாவட்டத்தில் இதற்குப் பல வருடம் முன்பு, சம்பளம் இல்லாத கிராமத் தன்னார்வலர்களை வைத்து வாசிப்பு முகாம்கள் நடத்தினார்கள். போன பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள். ஆனால் போனவர்கள் மிகக் குறைவு. எழுத்தே தெரியாத பிள்ளைகளில்கூடப் பெரும்பாலோர் போகவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான். சொல்லிக் கொடுப்பவர் பெரிய படிப்பாளியாக இருக்க வேண்டியதில்லை. பிளஸ் டூ முடித்த ஒரு அக்கா போதும். ஆனால் வீட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டும், தினமும் வர வேண்டும், நாளைக்கும் அவரே வர வேண்டும், நம் பிள்ளையை அனுப்பலாம் என்று தாய் தகப்பன் நம்ப வேண்டும். நம் 30 மணி நேரத்தில் இதில் எது இருக்கிறது?

மூன்றாவது வாரம் ஒரு சின்னப் பெண் என்னிடம் கேட்டாள்: "அக்கா, நீங்க எப்பத்துல இருந்து வரமாட்டீங்க?" எவ்வளவு நாள் வருவீர்கள் என்றுகூட அவள் கேட்கவில்லை. எங்களுக்கு முன்னால் வந்தவர்களும் வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். வந்தவர்கள் போய்விடுவார்கள் என்பதை அந்தப் பிள்ளைகள் எழுத்துக்கு முன்பே கற்றுக்கொண்டுவிட்டார்கள். கணக்கில் பற்று என்றால் ஒன்று, வீட்டில் பற்று என்றால் இன்னொன்று. ஆறு வாரம் பற்று வைக்கச் சொல்லிவிட்டு ஏழாவது வாரம் காணாமல் போகிறோம். அந்த நஷ்டத்தை எந்த ஏட்டில் எழுதுவது? ஆகவே என் தோழிக்கு என் பதில்: ஏதோ கொஞ்சம் செய்வது எப்போதும் மேல் இல்லை. சில நேரம் அதற்கும் ஒரு செலவு உண்டு, அதைக் கட்டுவது நாம் இல்லை.

என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டுப் போவது எனக்கும் பிடிக்காது. பணம் அதிகம் தேவைப்படாத, அடுத்த வருடமே செய்யக்கூடிய ஐந்து விஷயங்கள்:

1. ஒரே ஊர். ஒவ்வொரு வருடமும் புது ஊர் தேடாமல், ஒரு துறை ஒரு ஊரை ஐந்து வருடத்துக்கு எடுத்துக்கொள்ளட்டும். மாணவர்கள் மாறலாம், ஊர் மாறக் கூடாது.

2. கைமாற்றும் நோட்டு. எந்தப் பிள்ளை எந்த வட்டத்தில் இருக்கிறது, எதில் திணறுகிறது, எந்தக் கிழமை வராது என்று எழுதி அடுத்த குழுவிடம் கொடுக்க வேண்டும். கடைசி வாரத்தில் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளிடம் காட்ட வேண்டும். கணக்கில் இறுதி இருப்பு என்று ஒன்று உண்டு. அது அடுத்த வருடத்தின் தொடக்க இருப்பாகப் போக வேண்டும். நாம் வருடா வருடம் பூஜ்யத்தில் தொடங்குகிறோம்.

3. பொது இடம். வகுப்பு நடக்கும் இடத்துக்கு எல்லாத் தெருப் பிள்ளைகளும் வர முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் இடத்தை மாற்ற வேண்டும். பெரும்பாலும் அது அரசுப் பள்ளியாகத்தான் இருக்கும். படிவத்தில் இதற்கும் ஒரு கட்டம் போடுங்கள்.

4. அவரவர் படிப்புக்கு ஏற்ற வேலை. வணிகவியல் மாணவர்களுக்குத் தவணை அட்டையும் வங்கிப் பாஸ்புக்கும் இருக்கின்றன. தாவரவியல் மாணவர்களுக்கு வாழைத் தோட்டம் இருக்கிறது. தமிழ்த்துறை மாணவர்களுக்கு எழுத்து தெரியாத ஏழாம் வகுப்புப் பையன் இருக்கிறான்.

5. பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். பிளக்ஸ் போடாதீர்கள். படம்தான் ஆதாரம் என்றால், அந்தப் பையன் தொடக்கத்தில் வாசித்த பக்கத்தையும் முடிவில் வாசித்த பக்கத்தையும் படம் எடுங்கள்.

இதில் முதல் இரண்டுக்கும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்று சொல்லிக் காத்திருக்கத் தேவையில்லை. எங்கள் ஆறு பேர் நோட்டு தயாராக இருக்கிறது. நாற்பது பக்கம், இருபத்தெட்டுப் பிள்ளைகள். பெயர், வட்டம், பலம், பலவீனம். அடுத்த செமஸ்டர் போகும் ஜூனியர்களில் யாருக்கு அந்த ஊர் வேண்டுமோ என்னிடம் கேளுங்கள், கொடுக்கிறேன். பஸ் நேரமும் அதில் எழுதியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் வகுப்பு வைக்காதீர்கள்.